அரைவாசிச் சீனி

பெப்ரவரி 3, 1993. புதன்
உறைமழை. குயின் தெருவில் ஸ்ட்ரீட் கார் ஓடவில்லை. டோனட் கடைக்கு வேலைக்கு நடந்தே போனேன். சப்பாத்துக்குள் தண்ணீர்.

இவர் நேற்றும் வேலை முடிந்து பாருக்குப் போய்விட்டுத்தான் வந்தார். கோட்டோடு கட்டிலில். சொல்லிச் சொல்லி வாய் அலுத்துவிட்டது. டொக்டர் ஈரலைப் பற்றிச் சொன்னதும் போய்விட்டது காற்றோடு.

கடையில் என்னோடு நிற்கும் டோரத்தியின் புருசன் வீட்டிலேயே பியர் செய்கிறாராம். அது தொடங்கிய பிறகு ஆள் வெளியே போவதே இல்லையாம். பழைய வாளி, போத்தலுக்கு மூடி அடிக்கிற கருவி எல்லாம் இரவல் தருகிறாள்.

குடியை நிறுத்த என்னால் ஏலாது. ஆளையாவது வீட்டுக்குள் நிறுத்திப் பார்ப்போம். பைத்தியக்கார யோசனை. வேறு யோசனை கைவசம் இல்லை.

பெப்ரவரி 7, ஞாயிறு
வெயில். குளிர் எலும்பு வரை. பியர் வைத்தாயிற்று.

மோல்ற் பாணி, அதுதான் பார்லிப் பாகு, ஒரு ரின். புளிக்க வைக்கிற ஈஸ்ற் அதோடேயே. சீனி ஒரு கிலோ. வாளி கழுவ ப்ளீச். பாணி கறுப்பு, கையில் பட்டால் விடாது. கொதிநீரில் கரைத்து, பச்சைத்தண்ணீர் ஊற்றி, இளஞ்சூட்டில் ஈஸ்ற் தூவல். அப்பத்துக்குப் புளிக்க வைக்கிற வேலைதான். இதற்கு ஏன் அவ்வளவு நீளமான விளக்கக் கடுதாசி?

சீனிதான் புளித்துக் குடிவெறியாக மாறுகிறதாம், டோரத்தி சொன்னாள். ஆகவே இவர் குளிக்கப் போன நேரம் பார்த்து அரைவாசிதான் போட்டேன். மிச்சத்தைப் பையோடு அரிசி வாளிக்குள் புதைத்தேன். இவர் அரிசிப் பக்கம் போனதாகச் சரித்திரமே இல்லை.

சூடான, இருட்டான இடம் வீட்டில் ஒன்றுதான். சாமி அலுமாரி. பிள்ளையாரைச் சமையலறைத் தட்டுக்கு மாற்றினேன். கோபிக்க மாட்டார்.

இவர் வாளியைச் சுற்றிச் சுற்றி வந்தார்.
"இஞ்சேரும், உது எப்ப குடிக்கலாம்?"
"பொறுங்கோ. ஒரு மாதமாவது செல்லும்."
"ஒரு மாதமோ!"

பெப்ரவரி 9, செவ்வாய்
மூடியில் செருகிய குழாயில் புளுக், புளுக். இவர் வேலை செய்கிற யன்னல் தொழிற்சாலையில் இருந்து நேரே வீட்டுக்கு! அலுமாரிக்கு முன்னால் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தார்.
"மூச்சு விடுது, கேக்குதே?"
சிரித்துவிட்டேன். பிறகு பயம் வந்தது.

மேல்வீட்டு அன்ரி மணம் பிடித்துக்கொண்டு வந்தா. "என்ன பிள்ளை, அப்பம் சுடப் போறீரோ?" "ஓம் அன்ரி." இனி அப்பமும் சுட்டுக் கொடுக்க வேண்டும். தேங்காய்ப்பால் ரின் வாங்க மறக்கக் கூடாது.

பெப்ரவரி 12, வெள்ளி
சம்பள நாள். வழக்கமாக இன்றைக்கு ஆளைத் தேட வேண்டி வரும். கடையில் கை ஒன்றிலும் ஓடவில்லை. மூன்று கோப்பிக்குப் பால் மாற்றி ஊற்றினேன்.

வந்து பார்த்தால் இவர் வீட்டில். சோறு காய்ச்சி, பருப்பும் வைத்து! சோறு குழைந்துதான் போயிருந்தது. இருந்தும் இரண்டு தரம் போட்டுச் சாப்பிட்டேன். இவர் அவ்வளவாகக் கதைக்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அலுப்பாக்கும்.

நம்பவில்லை. நம்பி ஏமாந்தது போதும்.

பெப்ரவரி 20, சனி
போத்தலில் அடைத்தோம். எல்லாம் கட்டிலுக்கடியில் கிடந்த, இவர் குடித்து முடித்த போத்தல்கள். லேபல் சுரண்டியது நான், கழுவியது இவர். ஒவ்வொன்றுக்கும் சொட்டுச் சீனி, காஸ் பிடித்து நுரைக்க. மூடி அடிக்கும்போது இவருக்குக் கை நடுக்கம். "குளிர்" என்றார். ஹீற்றருக்குப் பக்கத்தில்தான் நின்றோம்.

மார்ச் 6, சனி
பனி உருகி ஒரே சேறு. முழங்கால் நோகிறது.

டோரத்தி இப்போதே குடிக்கலாம் என்றாள். இவரிடம் சொல்லவில்லை. "இன்னும் காஸ் பிடிக்கேல்லை" என்று ஒரு பொய். இடையில் ஒருநாள் பாருக்குப் போய் வந்தார்தான். ஒருநாள்தானே. முன்பெல்லாம் எப்படி!

பியரில் ஒன்றும் இல்லை, அதைப் பார்த்துக் காத்திருப்பதில்தான் எல்லாம். ஒருநாளும் ஆகாத பியர் வைக்க எந்தக் கடுதாசியிலும் விளக்கம் இல்லை.

மார்ச் 10, புதன்
ஒவ்வொரு நாளும் ஒரு போத்தலை யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறார்.
"ஆச்சுதே?"
"இல்லை."
"சரி."
சண்டை பிடிக்கிறார் இல்லை. அதுதான் விளங்கவில்லை. அன்ரிக்கு அப்பம் கொடுத்தாயிற்று. உப்புக் குறைவாம்.

மார்ச் 14, ஞாயிறு
நேற்றைய பனி இன்னும் படிக்கட்டில். வழிக்க ஆளில்லை.

இனியும் பொய் சொல்ல முகமில்லை. மத்தியானம் திறந்தோம். இறால் பொரித்தேன். நுரை நன்றாகவே வந்தது. முதல் கிளாஸ் மெதுவாக, ருசி பார்த்துப் பார்த்து. இரண்டாவது. மூன்றாவதைக் குடித்துவிட்டுக் கிளாஸைக் கவிழ்த்து வைத்தார்.
"நல்லா வந்திருக்கு. கைப்பும் அளவு."

என் வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது. இவர் தன் கையை மேசையில் விரித்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். நடுக்கம் நிற்கவில்லை.

"சீனி அரைவாசிதானே போட்டனீர்?"
இறால் தட்டைத் தள்ளி வைத்தேன்.
"சோறு காய்ச்சின அண்டைக்கே கண்டனான். அரிசிக்குள்ள கிடந்தது."
"பிறகேனப்பா சொல்லேல்லை?"
"போதுமோ எண்டு பாத்தனான். நானும்தான் பாத்தனான்."

கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். இவர் எழும்பிக் கோட்டை மாட்டினார். பட்டன் பூட்டக் கை வரவில்லை. நான்தான் பூட்டிவிட்டேன். ஏன் பூட்டினேன் என்று தெரியவில்லை.

"போதேல்லையப்பா" என்றார். கதவை மெதுவாகத்தான் சாத்தினார்.

மிச்சப் போத்தல்கள் பிரிஜ்ஜில். பால் வைக்க இடமில்லை.