வெறும் கையோடு போயிருக்கலாம்

ஆடி வெள்ளி, இரவு

லாட்ஜ் முதலாளியிடம் இன்று சொல்லிவிட்டேன். எனக்கு நான்காம் மாதம் பிறந்துவிட்டது, இனி வயிற்றை மறைக்க முடியாது. வெறும் கையோடு போய் லீவு கேட்டால் நன்றாக இருக்காது என்று பால்கோவா வாங்கிப் போனேன். அதுதான் தப்பு.

விஷயம் கேட்டதும் அவர் மாடியிலிருந்த மனைவியைக் கூப்பிட்டார். அந்த அம்மா குங்குமம் இட்டு, என் தலையில் பூவும் வைத்துவிட்டார். இருவர் காலிலும் விழுந்து எழுந்தேன். அப்புறம்தான் மெதுவாகக் கேட்டேன்.

"கார்த்திகையிலேர்ந்து ஆறு மாசம் லீவு வேணும் சார். அப்புறம் வந்துடுவேன்."

"தீபத்துக்கு எவ்ளோ கூட்டம் வரும்னு உனக்கே தெரியும்மா. கவுன்டருக்கு இப்பவே வேற ஆள் பாத்துடறேன். நீ நல்லபடியா பெத்துப் பொழச்சு வா. லீவு கீவுன்னு எதுக்குக் கவலைப்படற?"

"இந்த மாசத்தோட நின்னுடும்மா. படி ஏறி எறங்கறது ஆகாது" என்று அந்த அம்மா என் கன்னத்தைத் தொட்டார்.

சிடுசிடுத்திருந்தால் நானும் பேசியிருப்பேன். அவர்கள் வைத்த பூவைத் தலையில் வைத்துக்கொண்டு எப்படி வாதாடுவது? "சரிங்க" என்றேன்.

வீட்டில் கணவரிடம் சொன்னேன். "எவ்ளோ நல்ல மனுஷங்க" என்றார். அவர்கள் என்னிடமே திருப்பிக் கொடுத்தனுப்பிய பால்கோவாவை அவரே தின்றுவிட்டுத் தூங்குகிறார்.

பூவை இப்போதுதான் எடுத்தேன். அங்கே சொல்ல வேண்டியதெல்லாம் இப்போது வாய்க்கு வருகிறது.