பொன்னம்மாவின் உறுதி எந்த லாச்சியில்?

என் அன்பான ஐயா,

உங்களைக் கள்ளன் என்கிறார்கள். இதை உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்? அம்மா இப்போதுதான் அழுது ஓய்ந்து தூங்கினார். யுத்தத்தில் வெளிச்சம் வெளியே தெரியாதபடி யன்னலில் ஒட்டிய கறுப்புக் கடதாசி என் விளக்கையும் மறைக்கிறது.

பின்னேரம், நீங்கள் கிளாக்கராக இருந்த பிரக்கிராசி வக்கீல் கந்தோரின் பெரிய கிளாக்கர் வெள்ளவத்தையில் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். கொட்டாஞ்சேனைக் கந்தையாவின் மனைவி பொன்னம்மாவின் சீதன உறுதிப் பத்திரத்தைக் காணவில்லையாம். சாவதற்கு முன் நீங்கள் அதை எடுத்து யாருக்கோ கொடுத்துவிட்டீர்களாம். நாளைப் பத்து மணிக்குள் கிடைக்காவிட்டால் பொலிஸ் வரும் என்றார். அம்மா உங்கள் பெட்டியைத் திறந்து காட்டினார். உங்கள் வேட்டிகளை அந்தக் கிளாக்கர் தன் குடை நுனியால் கிளறிக்கொண்டே சொன்னார், ஐயா:

"கே லாச்சியை மூண்டு தரம் பார்த்தாச்சு. கந்தையா எண்டு ஒரு துண்டும் இல்லை."

அதைக் கேட்டதும் நான் வாயைத் திறக்க, பெரியவர்கள் கதைக்கும்போது உனக்கென்ன வேலை என்று அம்மா உள்ளே அனுப்பிவிட்டார்.

போன வருடம், உறுதிகளை ஆங்கில எழுத்துப்படி அடுக்கும் அந்த இழுப்பு லாச்சிகளுக்கு ஒட்டும் துண்டுகளை என் கையெழுத்தில்தானே எழுதுவித்தீர்கள்? நான் பொன்னம்மாவைக் கந்தையாவோடு சேர்த்துக் கே என்று எழுத, வாங்கிக் கிழித்தீர்கள்.

"சீதனம் அவவின்ரை. பிறகேன் புருஷன்ரை லாச்சியிலை கிடக்க வேணும்? பி எண்டு எழுது."

பெரிய கிளாக்கர் கண்டால், பொம்பிளைகளெல்லாம் புருஷனை விட்டுவிட்டு வந்துவிட்டார்களோ என்று கேட்பார் என்று சிரித்தீர்கள். அவருக்கு ஏன் சொல்லாமல் விட்டீர்கள்? நாலு நாள் காய்ச்சல் உங்களைக் கொண்டுபோகும் என்று நினைக்கவில்லையோ?

வகுப்பில் இடாப்பு வாசிக்கும்போது என்னை இன்னும் உங்கள் பெயரால் "ஆறுமுகம்" என்றுதான் கூப்பிடுகிறார்கள். இன்று காலை அதைக் கேட்டு, நீங்கள் வந்துவிட்டீர்களோ என்று வாசலைத் திரும்பிப் பார்த்தேன்.

நாளை நான் பள்ளிக்கூடம் போகமாட்டேன். ரயிலில் கோட்டைக்குப் போய், அங்கிருந்து உங்கள் கந்தோர் இருக்கும் புதுக்கடைக்கு நடப்பேன். பெண்பிள்ளை கந்தோர்ப் படி ஏறுவதா என்று அம்மா அடித்தாலும் சரி. பி லாச்சியைத் திறக்கச் சொல்வேன். உறுதி அங்கேதானே இருக்கும், ஐயா? யாரும் எடுத்திருக்க மாட்டார்கள்தானே?

உங்கள் கணக்கில் நான் இரத்தினம் என்ற என் பெயருக்கே உரிய ஆர் எழுத்து லாச்சி, தெரியும். ஆனால் நாளை அந்த வாசலில் யார் நீ என்று கேட்டால், உங்கள் பெயரைத்தான் முதலில் சொல்வேன்.

உங்கள் மகள்,
ஆறுமுகம் இரத்தினம்