திரும்பி விழுந்த டி

ரோசோ, டொமினிக்கா
4 மார்ச் 1842, வெள்ளி இரவு

அன்புள்ள யூலாலி அக்கா,

இதை யாரிடமும் காட்டிவிடாதே, உன் காலைப் பிடித்துக் கேட்கிறேன். படித்ததும் அடுப்பில் போட்டுவிடு.

நடுவில் துளை போட்ட பழைய வெள்ளிக் காசு இந்த மாதத்தோடு செல்லாதாம். அரசாங்க முத்திரை உள்ளதைக் கஜானாவில் கொடுத்தால் ஷில்லிங் தருகிறார்கள். முத்திரை தேய்ந்த காசைச் சந்தையில் வாங்கமாட்டார்கள் என்று, அப்பா முன்பெல்லாம் பட்டறையில் புதிதாக முத்திரை குத்திக் கொடுப்பாரே? கூலி ஒரு சேப்பங்கிழங்கு. பாதி ஊர் வந்தது.

முத்திரையில் கிரீடத்துக்குக் கீழே டொமினிக்காவைக் குறிக்கும் ஆங்கில டி (D) எழுத்தை நான்தான் பலகையில் எழுதிக் கொடுத்தேன். எனக்கு அப்போது எட்டு வயது. அப்பா அதைப் பார்த்து அப்படியே இரும்பில் வெட்டிவிட்டார். இரும்பில் திருப்பி வெட்டினால்தான் காசில் நேராக விழும் என்று எங்களுக்குத் தெரியவில்லை. அப்பாவின் காசில் கிரீடம் நேராக நிற்க, டியின் வயிறு மட்டும் இடப்பக்கம் இருக்கிறது.

இன்று மீன்காரி க்ளோதில்ட் வாசலில் நின்று அப்பாவைப் பார்த்துக் கத்தினாள்: "ஏய் செஃபிரேன், உன் காசு முதுகைக் காட்டுதாமே! கஜானா குமாஸ்தா மூணு தரம் பொரட்டிப் பார்த்துட்டு எடுத்து வெச்சுக்கிட்டான்!"

எல்லோரும் சிரித்தார்கள். அப்பா சிரிக்கவில்லை. கள்ள முத்திரை குத்தினால் நாடுகடத்திக் கப்பலேற்றிவிடுவார்களாம். என்ன செய்யட்டும்?

உன் மெலிஸி

போர்ட்ஸ்மவுத்
9 மார்ச்

மெலிஸிக் கண்ணு,

முத்திரையை இன்றே ஆற்றில் போடச் சொல். அப்பா கஜானாப் பக்கமே போகக் கூடாது. நீயும் இனி எழுதாதே. எஜமானியம்மா என் பெட்டியைத் துழாவுகிறாள். வேளைக்குச் சாப்பிடு.

யூலாலி

ரோசோ
14 மார்ச், இரவு

அக்கா,

எழுதாதே என்றாய். இதை மட்டும் எழுதாமல் முடியாது.

முத்திரை ஆற்றோடு போயிற்று. ஆனால் இன்று அப்பாவைக் கஜானாவுக்குக் கூப்பிட்டு விசாரித்தார்கள். நான் ஜன்னலுக்கு வெளியே நின்றேன்.

"எனக்கு எழுத்தே தெரியாதுங்கய்யா. டி எது, குதிரை லாடம் எதுன்னு கேட்டா முழிப்பேன்."

"சரி, உன் வீட்டுல எழுதத் தெரிஞ்சது யாரு?"

"யாரும் இல்லீங்க. சின்னவ கோழி மேய்க்கிறா. பெரியவ பாத்திரம் தேய்க்கிறா."

"விசாரிப்போம்."

வீட்டுக்கு வந்ததும் அப்பா என் பலகையை உடைத்துக் கோழிக்கூண்டுக்கு அடியில் புதைத்தார். பள்ளிக்கூடத்து அம்மாவும் பதிவேட்டிலிருந்து என் பக்கத்தைக் கிழித்துவிட்டார்.

உன்னிடமும் வந்து கேட்பார்கள். நம் இரண்டு பேருக்கும் எழுதப் படிக்கத் தெரியாது என்று சொல். என் கையெழுத்து ஒரு வரிகூட உன்னிடம் இருக்கக் கூடாது. போன கடிதத்தை எரித்தாயா? இதையும்

கதவைத் தட்டுகிறார்கள். அப்பா எழுந்து போகிறார். என் விரலெல்லாம் மை