சும்மா இருக்கிற பொத்தான்

விருத்தாசலம்
23 பிப்ரவரி

அன்புள்ள உங்களுக்கு,

வள்ளி எழுதுகிறேன். நானும் அத்தையும் நலம். அத்தையின் முழங்கால் வலி பாதி குறைந்திருக்கிறது. மாசி மகக் கடைகளுக்குப் பந்தல்கால் ஊன்றுகிறார்கள் என்று கேள்விப்பட்டால் மீதியும் குறைந்துவிடும். சோஹாரில் குளிர் விட்டதா?

தினமும் போனில் பேசிக்கொண்டு கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். போனில் நீங்கள் "சாப்டியா" என்பீர்கள், நான் "ஆச்சு" என்பேன், அதற்குள் அத்தை போனுக்குக் கை நீட்டிவிடுவார். இது அதில் அடங்காத விஷயம். மங்கலம்பேட்டை ஜாகிர் பாய் வெள்ளிக்கிழமை ஓமன் திரும்புகிறார். அவரிடம் இந்தக் கடிதத்தையும் ஒரு பென் டிரைவையும் கொடுத்தனுப்புகிறேன்.

பென் டிரைவில் இருப்பது நம் 'ஒன்பதாம் மண்டலம்'. ஆமாம், முடித்துவிட்டேன். பழைய பேனரின் பின்பக்கத்தில் நீங்கள் கட்டம் போட்டு, நீங்கள் வேலை பார்த்த செராமிக் யூனிட்டில் மிஞ்சிய மண்ணில் கிரகங்களும் கப்பல்களும் சுட்டுக்கொண்டு வந்து, ஞாயிற்றுக்கிழமைகளில் தரையில் உட்கார்ந்து விண்வெளிக்காகச் சண்டை போட்டோமே, அது இப்போது கம்ப்யூட்டரில் ஓடுகிறது. கிரகங்களை ஒவ்வொன்றாகப் படம் எடுத்துத்தான் போட்டிருக்கிறேன். விரிசல் விட்ட நீலக் கிரகம் விரிசலோடுதான் சுற்றுகிறது.

கம்ப்யூட்டர் சென்டரில் பிள்ளைகளுக்குப் புரோகிராம் சொல்லிக்கொடுக்கிறவளுக்கு இது பத்து நாள் வேலை என்று நினைத்தேன். நான்கு மாதம் ஆயிற்று. நீங்கள் எழுதிவைத்த விதிகள் டைரியில் இரண்டே பக்கம். கம்ப்யூட்டருக்கு அது போதவில்லை. இரண்டு கப்பல்கள் ஒரே நேரத்தில் ஒரே கிரகத்துக்குப் போனால் யாருக்கு இடம்? நம் வீட்டில், அன்றைக்கு டீ போட்டவருக்கு. அதை அதற்கு எப்படிச் சொல்வது? எரிபொருள் குறைவாக இருப்பவர் முதலில் இறங்கலாம் என்று எழுதிவிட்டேன்.

எல்லாம் ஒழுங்காக ஓடுகிறதா என்று பார்க்க, நீங்கள் நோட்டில் குறித்துவைத்த நாற்பத்தோரு ஆட்டங்களையும் வரிசையாக அதில் ஆட வைத்தேன். ஒவ்வொரு முறையும் அடுத்து எதை நகர்த்தினால் நல்லது என்று கம்ப்யூட்டரும் பக்கத்தில் சொல்லும். பன்னிரண்டாவது ஆட்டத்தில் உங்கள் முறை வந்தபோது, 'பச்சைக் கிரகத்தைப் பிடி, ஆட்டம் முடிந்தது' என்றது. நோட்டில் உங்கள் கையெழுத்தில், 'சும்மா இருக்கிறேன்' என்று இருந்தது, எதையும் நகர்த்தாமல் முறையை விட்டிருக்கிறீர்கள்.

புரோகிராமில்தான் தப்பு என்று இரண்டு நாள் தேடினேன். தப்பு கிடைக்கவில்லை. பதினாறாவது ஆட்டத்திலும் அதேதான். பத்தொன்பதிலும். நான் ஜெயித்த முப்பத்து மூன்று ஆட்டங்களில் இருபத்தாறு, நீங்கள் சும்மா இருந்ததால் கிடைத்தவை. மீதி ஏழு என்னுடையவை, அதில் கை வைக்காதீர்கள்.

போன வாரம் மூன்று நாள் நான் சரியாகப் பேசவில்லை, உடம்புக்கு என்ன என்று கேட்டீர்களே. உடம்புக்கு ஒன்றுமில்லை. கோபம். சென்டரில், அம்மா வீட்டில், பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரியிடம்கூட, என்னை யாரும் ஜெயிக்க முடியாது என்று சொல்லித் திரிந்திருக்கிறேன். அத்தையிடம் முறையிட்டேன். அவர் கீரை ஆய்ந்தபடியே, "ஒனக்கு இப்பதான் தெரியுதா? ஆட்டம் முடிஞ்சி உள்ள வந்து, இன்னைக்கும் அவதாம்மா ஜெயிச்சான்னு சிரிச்சிக்கினு சோறு கேப்பான். ஜெயிச்ச அன்னிக்கு ஒண்ணுமே சொல்ல மாட்டான்" என்றார். அதற்குமேல் கோபத்தை வைத்துக்கொள்ள முடியவில்லை.

ஆனால் வேறொன்று மனசில் நிற்கிறது. விசா வந்த அன்று, "இங்கியே இருந்துடறேன் வள்ளி" என்றீர்கள். போகத்தான் வேண்டும் என்று நான் ஒரு மணி நேரம் பேசினேன். "சரி, நீ சொல்றதும் சரிதான்" என்று எழுந்து போய்விட்டீர்கள். அதையும் நான் ஜெயித்ததாகத்தான் இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

கம்ப்யூட்டர் ஆட்டத்தில் 'சும்மா இருக்கிறேன்' பொத்தானை எடுத்துவிட்டேன். அத்தை ஒப்புக்கொள்ளவில்லை. அவர் இப்போது தினமும் ஆடுகிறார், தெரியுமா? யார்மேலும் போருக்குப் போகாமல், மூலையில் ஒரு கிரகத்தில் உட்கார்ந்து எரிபொருள் சேர்த்தே என்னை மூன்று முறை தோற்கடித்திருக்கிறார். "சும்மா இருக்கறதும் ஒரு வேலதாண்டி, அத எடுத்துட்டா நான் எப்படி ஆடுறது?" என்றார். அதனால் பொத்தானைத் திரும்ப வைத்திருக்கிறேன். ஆனால் அதை அழுத்தினால், 'ஏன்?' என்று ஒரு கட்டம் திறக்கும். ஒரு வரியாவது காரணம் எழுதினால்தான் ஆட்டம் நகரும். அத்தை ஒவ்வொரு முறையும் 'என் இஷ்டம்' என்று எழுதுகிறார். நீங்கள் எழுதினால் அந்தப் பதில் செல்லாது.

நாற்பத்திரண்டாவது ஆட்டத்தை நான் தொடங்கிவைத்திருக்கிறேன். உங்கள் நகர்த்தலை மெசேஜில் அனுப்புங்கள். ஜாகிர் பாயிடம் முறுக்கும் இருக்கிறது, வாங்கிக்கொள்ளுங்கள். வெயிலில் தண்ணீர் நிறையக் குடியுங்கள்.

இன்னும் இரண்டு வருஷத்துக்கு ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கிறீர்களா என்று ஏப்ரலில் கேட்பார்கள் என்றீர்கள். இந்தத் தடவை நான் முதலில் வாய் திறக்கப்போவதில்லை. உங்களுக்கு என்ன வேண்டும் என்று நீங்கள் சொல்லுங்கள். அதைக் கேட்ட பிறகு நான் சண்டைக்கு வருவேன், என் சுபாவம் உங்களுக்குத் தெரியும். அப்போது தயவுசெய்து என்னை ஜெயிக்க விடாதீர்கள்.

உங்கள்
வள்ளி