வாணி சேர வந்த வகுப்பு

திங்கள், 1 செப்டம்பர்

தூறல். குடையை பஸ்ஸில் விட்டாயிற்று, மறுபடியும். கீழே கோழி பொரிக்கிற கடையின் எண்ணெய் மணம் மாடியில் எங்கள் கல்லூரிவரை.

இன்றைய வேலை: பல் டாக்டருக்கு உதவுகிற டென்டல் நர்ஸ் வகுப்பு முடித்துப் போன பிள்ளைகளுக்குப் போன் எடுத்து, இப்போது என்ன செய்கிறார்கள் என்று கேட்பது. விளம்பரத் தாளில் போட. எல்லோரும் ஒரே பாட்டு. "ஓம் அக்கா, வேலை நல்லாப் போகுது." எல்லோருக்கும் சரி போட்டேன். முதல்வர் ராஜன் சேருக்கு வாயெல்லாம் பல். "பாத்தீங்களாம்மா, நம்ம பசங்கள!"

புது வகுப்புக்கு இதுவரை ஐந்து பேர். எட்டுப் பேராவது வேண்டும். இல்லாவிட்டால் வகுப்பும் இல்லை, அலுவலகத்தில் எனக்கு இருக்கையும் இல்லை.

பின்னேரம் வாணியின் போன். என் கணவரின் தங்கை. பிரான்ஸிலிருந்து வந்ததிலிருந்து கிழக்கு லண்டனில், செவன் கிங்ஸில் இருக்கிறாள்; ஹோட்டல் சலவையறையில் துணி மடிக்கிற வேலை. "அண்ணி, நானும் உங்கட கொலிச்சில சேரப்போறன். பீஸ் சேர்த்து வச்சிட்டன்." ஆறாவது ஆள்! துள்ளாத குறை.

செவ்வாய்

வெயில். வாங்க: பால், சவர்க்காரம், இவருக்குப் பிரஷர் குளிசை.

சூப்பர்மார்க்கெட்டில் காசு வாங்குமிடத்தில் இருந்தது துஷி. நேற்று "நல்லாப் போகுது" சொன்ன அதே துஷி, கடைச் சட்டையில்.

"பல் கிளினிக்கில வேலை எண்டெல்லோ நினைச்சன்?"

"ஒரு கிளினிக்கும் எடுக்கேல்லை அக்கா. அனுபவம் இல்லையாம்."

"பிறகேன் பிள்ளை நேற்று அப்பிடிச் சொன்னனீ?"

"வேற என்ன சொல்ல? நீங்கள் வெள்ளிக்கிழமை கோயில்ல அம்மாவைக் காணுவியள். அவவுக்கு இன்னும் தெரியாது."

பாலை வாங்க மறந்து வந்துவிட்டேன்.

புதன்

முகில். தலையிடி. எல்லோருக்கும் மறுபடி போன். இந்தமுறை நலம் விசாரிக்கவில்லை. கிளினிக்கின் பெயர் என்ன என்று மட்டும் கேட்டேன். பெரும்பாலும் சொல்லப் பெயரில்லை. ஒருத்தி அழுதாள். ஒருத்தி, "அம்மாட்டச் சொல்லிப்போடாதேங்கோ."

கிளினிக்கில் இருப்பவர்கள் இரண்டே பேர். அந்த இருவரும் முதலில் ஒரு கிளினிக்கில் பயிற்சிக்குச் சேர்ந்து, அதன் பிறகுதான் எங்களிடம் படிக்க வந்தவர்கள். மற்றவர்கள் காசைக் கட்டிப் படித்துவிட்டுக் கிளினிக் தேடியவர்கள்.

ராஜன் சேரிடம் சொன்னேன். "யாரையும் ஏமாத்தணும்னு நான் நினைக்கலம்மா." எனக்குத் தெரியும். பஸ் காசில்லாத பிள்ளைக்குத் தன் பஸ் கார்டைக் கொடுத்துவிட்டு நடந்துபோகிற மனிதர். விளம்பரத் தாளை அச்சுக்கு அனுப்பவில்லை. "வர்றவங்ககிட்ட உள்ளதச் சொல்லிடுங்க" என்றார். பாவமாக இருந்தது.

அப்படியானால் வாணியிடமும் சொல்லவேண்டும்.

சனி

காற்று. வாணி வந்தாள், தெற்கு லண்டனில் கோலியர்ஸ் வுட்டுக்கு, எங்கள் வீட்டுக்கு. தலை முழுகி, காலில் புது வெள்ளைச் சப்பாத்து. வகுப்புக்காம். பையில் தன் மகளின் பென்சில் பெட்டி. தேத்தண்ணி போட்டேன். வடை சுட்டேன். பிறகு உள்ளதைச் சொன்னேன்.

"சேர வேண்டாம் எண்டுறியளோ?"

"படி வாணி. முதல் பயிற்சிக்கு எடுக்கிற ஒரு கிளினிக் பார். அதுவரைக்கும் காசைக் கட்டாதே."

"எனக்கு நாற்பதாகுது. பிரெஞ்சு வாயோட இங்கிலீஷ் கதைக்கிறன். என்னை ஆர் எடுப்பினம்? அதுக்குத்தானே அண்ணி படிக்க வந்தனான்."

வடைத் தட்டை அவள் பக்கம் தள்ளினேன்.

"என்னால ஏலாது எண்டு நினைக்கிறியள் போல."

வடையைத் தொடாமல் போனாள். இவர்: "உனக்கேன் இந்த வேலை?"

நான் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது பாரிஸிலிருந்து ராத்திரி முழுதும் பஸ்ஸில் வந்து எனக்குத் தலை வாரிவிட்டவள். அவளிடமா நான் பொய் சொல்வேன்? குசினிக்குள் நின்று அழுதேன்.

வியாழன்

மழை. போன் இல்லை. வாணியின் மெசேஜ் மட்டும்: "இல்ஃபோர்டில ஒவ்வொரு கிளினிக்கா ஏறி இறங்கிட்டன். எல்லா இடமும் இல்லை." கொஞ்ச நேரத்தில் இன்னொன்று: "விடமாட்டன்."

சிரிப்பு வந்தது.

வெள்ளி

வாணிக்கு இடம் கிடைத்துவிட்டது! விம்பிள்டனில் ஒரு சின்னக் கிளினிக். திங்கள் வரட்டாம். லண்டனைக் குறுக்கே கடந்து போகவேண்டும், சம்பளமும் சலவையறையைவிடக் குறைவு. பரவாயில்லையாம். படிப்புக்கான பீஸை அவர்களே கட்டுவார்கள், ஆனால் வழக்கமாக அவர்கள் அனுப்புகிற கல்லூரிக்கு.

எங்களுக்கில்லை. ராஜன் சேரிடம் சொல்ல வாய் கூசியது. "நல்லா இருக்கட்டும்மா" என்றார். பிறகு பெயர்ப் பட்டியலைப் பார்த்தார். அதே ஐந்து.

இவர் கேட்கிறார்: "உன்ர வேலை?" பார்ப்போம்.

திங்கள்

குளிர் தொடங்கிவிட்டது. ஹீட்டர்காரனுக்குச் சொல்ல வேண்டும். புதிதாக யாரும் சேரவில்லை.

மத்தியானம் வாணியின் போன், கிளினிக்கின் பின்பக்கத்திலிருந்து, குசுகுசுவென்று.

"எப்பிடிப் போகுது எண்டு கேக்கமாட்டன். என்ன செய்தனீ, அதைச் சொல்லு."

"ஒரு கிழவர் அண்ணி. பல்லுப் பிடுங்க வந்தவர். பயத்தில என்ர கையைப் பிடிச்சவர், கடைசி மட்டும் விடேல்லை."

"பிறகு? டாக்டருக்குச் சாமான் எடுத்துக் குடுத்தது ஆர்?"

"மற்றக் கையால நான்தான்."