தாத்தாவின் ஷூவில் நான் வைத்த மெத்தை

அன்புள்ள சிட்டுவுக்கு,

அம்மா எழுதுவது. நீ நலமாக இருக்க வேண்டும், நேரத்துக்குச் சாப்பிட வேண்டும். இங்கே நாங்கள் முக்கால்வாசி நலம். மீதிக் கால்வாசியைப் போனில் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை, அதனால்தான் கடிதம்.

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாகத் தாத்தாவின் ஷூவுக்குள் அந்த மெத்தையைத் திரும்ப வைத்து, காலை விட்டு, கண்ணை மூடி, ஒற்றைக் காலில் நின்று பார்த்தேன். சிரிக்காதே. ஐந்து எண்ணுவதற்குள் பீரோவில் போய் இடித்துக்கொண்டேன். மெத்தையை எடுத்துவிட்டு நின்றேன், இருபதுவரை எண்ண முடிந்தது. அந்த மெத்தை நான் வாங்கியது. குதிகால் வலிக்கிறது என்று தாத்தா சொன்னதால் போன மாதம் மருந்துக்கடையில் வாங்கினேன், அழுத்தினால் விரல் புதைந்துபோகும். ஷூவுக்குள் ஏற்கெனவே இருந்ததை எடுக்காமல் அதன் மேலேயே வைத்துவிட்டேன். "தரையே தெரியலம்மா, அவ்வளவு சொகுசு" என்றார், எனக்கும் பெருமையாக இருந்தது. பத்தாம் நாள் வாசல்படியில் விழுந்தார். மணிக்கட்டில் எலும்பு முறிவு, மாவுக்கட்டு போட்டிருக்கிறார்கள். நாற்பது வருடம் மின்கம்பம் ஏறி இறங்கிய மனிதர், "கம்பமெல்லாம் விட்டு வெச்சுது டாக்டர், மூணு படி கவுத்துருச்சு" என்று ஆஸ்பத்திரியிலும் சிரிக்க வைத்தார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. அவர் விழுந்தபோது மூட்டையைப் போட்டது போல் கேட்ட சத்தம் காதை விட்டுப் போகமாட்டேன் என்கிறது. பக்கத்து வீட்டில் நாற்காலி நகர்ந்தாலும் ஓடுகிறேன். அவர் குளிக்கப் போனால் கதவருகே நிற்கிறேன், "உள்ள புதையலா இருக்கு, காவல் காக்குற?" என்று கேட்கிறார்.

செவ்வாய்க்கிழமை பிசியோதெரபி பார்க்கும் பெண்ணிடம் நானும் அப்பாவும் அவரைக் கூட்டிப் போனோம். அவள் ஷூவை வாங்கி அமுக்கிப் பார்த்தாள், மெத்தையை உருவி மேசைமேல் போட்டாள். வயதாகும்போது பாதத்தின் உணர்வு மங்கிவிடுமாம், இவ்வளவு மெத்தென்று இருந்தால் தரை எங்கே இருக்கிறது என்று காலுக்கே தெரியாதாம், குதிகாலும் மேலேறி ஷூவின் பின்பக்கப் பிடிப்பு போய்விடுமாம். அடிப்பாகம் மெல்லியதாக, கெட்டியாக, வழுக்காமல் இருந்தால் போதும், கயிற்றை இறுக்கிக் கட்டுங்கள் என்றாள். இது ஒன்றுதான் காரணம் என்று சொல்ல முடியாது, ஆனால் முதலில் இதை எடுங்கள் என்றவள், "யாரு வெச்சது இத?" என்று கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் தாத்தா, "நான்தான்மா, கடைல பார்த்து ஆசைப்பட்டுட்டேன்" என்றார். நான் பேசாமல் இருந்துவிட்டேன் சிட்டு.

வீட்டுக்கு வந்ததும் அப்பா அத்தைக்குப் போன் போட்டு, தாத்தாவே மெத்தையை வாங்கி வைத்து விழுந்துவிட்டார் என்று சொன்னார். "புத்தி தடுமாற ஆரம்பிச்சிருச்சுடா, இனிமே அவரை உங்கிட்ட விட்டு வைக்க முடியாது, ஞாயித்துக்கிழமை வந்து கூட்டிட்டுப் போறேன்" என்றாள் அத்தை. ஒரு ஆளை வைத்து, கட்டிலை விட்டு இறங்காமல் பார்த்துக்கொள்வாளாம். நடக்காமல் படுத்தால் கால் இன்னும் பலவீனமாகும் என்று அந்தப் பெண் சொன்னதை யாரும் நினைத்துப் பார்க்கவில்லை. தாத்தா மறுபேச்சு இல்லாமல் ஒற்றைக் கையால் சட்டைகளை மடித்துக்கொண்டிருக்கிறார். ஏன் மாமா அப்படிச் சொன்னீர்கள் என்று தனியாகக் கேட்டேன். "என்னைத் திட்டினா எனக்குப் பாதி காதுல விழாது, உன்னைத் திட்டினா நீ ஒரு வருஷம் நெனச்சுட்டு இருப்ப" என்றார்.

எனக்குப் பயமாக இருக்கிறது. உண்மையைச் சொன்னால் அத்தை ஜென்மத்துக்கும் விடமாட்டாள், அப்பா ஒன்றும் சொல்லாமல் முகத்தைத் திருப்பிக்கொள்வார். அதைக்கூடத் தாங்கிவிடலாம். அவர் இங்கேயே இருந்து மறுபடி விழுந்து, இந்த முறை இடுப்பெலும்பு போனால்? அதை நினைத்தால் அடுப்பில் வைத்ததைக்கூட மறந்துவிடுகிறேன்.

நீ ஈரப் படிக்கட்டில் போன் பார்த்துக்கொண்டே இறங்காதே. தேய்ந்துபோன செருப்பைத் தூக்கிப் போடு. தாத்தாவுக்கு எழுதும்போது கை எப்படி இருக்கிறது என்று மட்டும் கேள், மற்றது எதுவும் உனக்குத் தெரியாது. உடம்பும் மனசும் திடமாக நீ நெடுங்காலம் நன்றாக இரு.

ஞாயிற்றுக்கிழமை அத்தை வந்து உட்கார்ந்ததும், எல்லோர் முன்னாலும், வாங்கியதும் நான், வைத்ததும் நான், மாமாவின் புத்தியில் ஒரு கோளாறும் இல்லை என்று சொல்லப்போகிறேன். போவதா இருப்பதா என்பதை அதன்பிறகு அவர் வாயாலேயே சொல்லட்டும். அப்பாவுக்குக்கூட இது இன்னும் தெரியாது.

உன் அம்மா