யானை இளைத்த கதை

மார்ச் 4, செவ்வாய்

இரைப்பையை வெட்டிச் சிறிதாக்கி நாலு மாதம் ஆகிறது. கண்ணாடி முன் நின்றால் யாரோ என் நைட்டியைத் திருடிப் போட்டுக்கொண்டு நிற்பதுபோல் இருக்கிறது. நாத்தனார் போனில், "காலேஜ் பொண்ணு மாதிரி ஆயிட்டீங்க அண்ணி" என்றாள். காலேஜ் பெண் ஒரு வாளித் தண்ணீராவது தூக்குவாள். எனக்கு அரை வாளிகூட முடியவில்லை.

பக்கவாதத்தில் இடது கை கால் இழுத்துக்கொண்ட என் வீட்டுக்காரரை மூன்று வருஷமாக நான்தான் தூக்கி உட்கார வைத்தேன். தூக்கினேன் என்பதே பொய். அவர் கைகளை எடுத்து என் கழுத்தில் போட்டுக்கொள்வேன். அவர் என்மேல் சாய்வார், நான் பின்னால் சாய்வேன். மிச்சத்தை என் எடை பார்த்துக்கொள்ளும். "யானை இருக்கும்போது எனக்கென்ன" என்பார், நாக்குக் குழற. அந்த எடைதான் என் முழங்காலையும் தின்றது. "இப்படியே போனா அவருக்குப் பக்கத்துக் கட்டில் உங்களுக்குத்தான்" என்றார் எலும்பு டாக்டர். அதனால்தான் இவ்வளவும். கொஞ்ச நாளைக்குத்தான் என்று சொல்லி அவரைக் காப்பகத்தில் விட்டேன்.

மார்ச் 7, வெள்ளி

புரோட்டீன் பவுடர், இரண்டு மடக்கு. வாந்தி. முடி கொத்துக் கொத்தாக வருகிறது.

மார்ச் 12, புதன்

"கொழுப்போட சதையும் சேர்ந்து போயிருக்கும்மா. சாப்பிடாம இருந்தா பலம் எங்கேருந்து வரும்?" பயிற்சி சொல்லித்தரும் பிசியோ பெண்ணுக்கு என் வயசில் பாதிகூட இருக்காது. அதட்டலைப் பார்த்தால் மாமியார் தோற்றாள். கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழ வேண்டுமாம். எழுந்தேன், உட்கார்ந்தேன், மறுபடி முடியாமல் அழுதேன். பக்கத்தில் கால் முறிந்த தபால்காரர் ஒருவர். "அழுதுகிட்டே செய்யுங்க, அதுவும் பயிற்சிதான்" என்றார். சிரித்துவிட்டேன், பாவி மனுஷன்.

யானை படுத்தாலும் குதிரை மட்டம் என்பார்கள். இந்த யானை ஆட்டுக்குட்டி மட்டத்துக்கு வந்துவிட்டது.

மார்ச் 23, ஞாயிறு

நாத்தனார் வந்தாள். காப்பகத்து மேலாளர் சொன்னதை அவளிடம் சொன்னேன்: கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு அவரை நானே மாற்றிக் காட்டினால் அன்றைக்கே கூட்டிப் போகலாம்.

"அங்கேயே இருக்கட்டுமே அண்ணி. அண்ணனை நல்லாத்தானே பாத்துக்கறாங்க? உங்க உடம்பையும் கொஞ்சம் பாருங்க."

"உங்க அண்ணன் என்ன, கால் உடைஞ்ச நாற்காலியா? கொண்டுபோய்ப் போட்டுட்டு வர்றதுக்கு?"

கத்திவிட்டேன். அவள் போன பிறகும் மூச்சு வாங்கியது. அவள் கெட்டவள் இல்லை. அதுதான் எரிச்சல்.

ஏப்ரல் 15, செவ்வாய்

தூக்கிவிட்டேன்!

பிசியோ பெண்ணே நோயாளியாகத் துவண்டு உட்கார்ந்தாள். அவள் இடுப்பில் பட்டை கட்டி, என் முழங்காலை மடக்கி, பட்டையைப் பிடித்து எழுப்பி, நாற்காலியில் உட்கார வைத்தேன். "அவரு பயப்படாம முன்னால சாஞ்சா போதும்மா, மிச்சத்தை உங்க காலே பாத்துக்கும்" என்றாள். வீட்டுக்கு வந்து ஒரு முட்டை முழுசாகச் சாப்பிட்டேன். வயிற்றில் தங்கியது. அவர் கட்டிலுக்கு வேறு விரிப்பு மாற்றினேன்.

ஏப்ரல் 19, சனி

சாயவில்லை.

காப்பகத்தில் அவருக்குப் பட்டையெல்லாம் சரியாகத்தான் கட்டினேன். "சாயுங்க" என்றேன். அவருடைய வலது கை என் தோளைத் தடவியது, கழுத்தெலும்பைத் தடவியது, அங்கேயே நின்றது. "எங்க... நீ எங்க?" என்றார். பிறகு, "ஒடஞ்சிருவ." உடம்பை இறுக்கிக்கொண்டு பின்னால் இழுத்தார்.

"நான்தாங்க. தூக்கிருவேங்க. நம்புங்க."

தலையை ஆட்டினார். மறுபடி முயன்றதில் இரண்டு பேரும் கட்டிலிலேயே சரிந்தோம். மேலாளர் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

ஐயோ, பலம் இருக்கே! இப்பத்தானே வந்துச்சு! பின்னால இழுக்கிற மனுஷனை எப்படித் தூக்க?

ஏப்ரல் 20, ஞாயிறு

யாருக்காக இளைத்தேன்?

மே 11, ஞாயிறு

அவர் அங்கேயேதான் இருக்கிறார். ஞாயிறு தோறும் போகிறேன். இன்று போனபோது அவரை எழுப்பும் நேரம். பார்த்துக்கொள்ளும் ஆயா நல்ல வாட்டசாட்டமான பெண். அவர் கையை எடுத்துத் தன் கழுத்தில் போட்டாள். அவர் கண்ணை மூடிக்கொண்டார். மொத்தமாகச் சாய்ந்தார்.

"யானை... மெதுவா" என்றார்.

"என்னங்க?" என்று பழக்கத்தில் நான் கேட்டுவிட்டேன்.

ஆயாவுக்கு முகமே சரியில்லை. "என்னைத்தான் அப்படிக் கூப்பிடுறாருக்கா. தப்பா எடுத்துக்காதீங்க."

"அட, அதுல என்ன இருக்கு" என்றேன்.

தோட்டத்துக்கு நாற்காலியை நான்தான் தள்ளிக்கொண்டு போனேன். வழியில் ஏற்றம். எனக்கு மூச்சு வாங்கவில்லை, முழங்காலும் வலிக்கவில்லை.